ஓடிப்போன ராஜாவுக்கு ஒரு பாட்டு

மனிலாக்காரன் லாசரோவை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. காரணம் கேட்டால் ஒன்பது சொல்வேன். ரங்கூன் பயாஸ்கோப்புக் கொட்டகையில் நான் ஆறு வருஷமாகப் பிடில் வாசித்துக்கொண்டிருக்க, கப்பலிலிருந்து இறங்கிய மூன்றாம் மாதமே அவன் பேண்டு மாஸ்டர் ஆனான் என்பது முதல் காரணம். மற்ற எட்டும் அதிலிருந்து முளைத்தவைதான்.

அப்போது படம் பேசாது. திரைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து, மேலே குதிரை ஓடினால் குதிரைக்கும், கதாநாயகி அழுதால் அழுகைக்கும் வாசிப்போம். எந்தக் காட்சிக்கு எந்தப் பாட்டு என்பது மாஸ்டர் இஷ்டம். லாசரோ அதில் ஒரு திருட்டுத்தனம் செய்துவந்தான். தன் நாட்டுப் பாட்டு ஒன்றை எல்லாப் படத்திலும் எங்காவது செருகிவிடுவான். ஒரு வாரம் கல்யாணக் காட்சியில் மெதுவாக வரும். அடுத்த வாரம் திருடனைப் போலீஸ் துரத்தும்போது தலைதெறிக்க ஓடும். கொட்டகையில் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அதை வாசிக்கும்போது அவன் முதுகு நிமிர்ந்துவிடும்.

அவன் நாட்டை முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின்காரன் ஆண்டானாம். அவனை எதிர்த்துச் சண்டை போட்டு, கொடி தைத்து, பாட்டுக் கட்டி முடிப்பதற்குள் அமெரிக்காக்காரன் வந்து உட்கார்ந்துகொண்டான். வந்தவன் அந்தக் கொடியையும் பாட்டையும் பன்னிரண்டு வருஷம் தடுத்துவைத்திருந்தானாம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஊர் பேண்டுகாரர்கள் அந்தப் பாட்டைக் கல்யாணத்திலும் சவ ஊர்வலத்திலும் நடை மாற்றி ஒளித்து வாசித்தார்களாம். தடை நீங்கி ஐந்தாறு வருஷம் ஆகியும் இவனுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அவனாகவே பர்மியமும் இங்கிலீஷும் கலந்து சொல்லுவான், நான் காதைத் திருப்பிக்கொண்டாலும் சொல்லுவான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம். பெயர் கஸ்பார் மச்சாது. கொட்டகையில் கேட்டால் போர்த்துக்கீசியன். உண்மையில் தூத்துக்குடிப் பரவன். நானூறு வருஷத்துக்கு முன்னால் போர்த்துக்கீசியர் எங்கள் கடற்கரைக்கு வந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தகப்பனாக நின்றவர்களின் பெயர்கள் எங்களுக்கு ஒட்டிக்கொண்டன. எங்கள் தெருவில் பர்னாந்துவும் மிராண்டாவும் மச்சாதுவும் வலை உலர்த்துவார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சொட்டு வெள்ளை ரத்தம் கிடையாது. ரங்கூனில் இறங்கிய பிறகுதான் அந்தப் பெயருக்கு இருக்கிற மவுசு எனக்குத் தெரிந்தது. கோட்டுப் போட்டேன். தொப்பி வைத்தேன். லான்மடாவில், வெள்ளைக் கலப்புள்ள சட்டைக்காரக் குடும்பங்கள் இருக்கிற சந்தாகப் பார்த்து வீடு பிடித்தேன். தமிழர்கள் நடமாடும் பபேடான் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

என் மனைவி பவுனம்மாள் மட்டும் மாறவில்லை. சேலைதான் கட்டுவாள், மீன் குழம்புதான் வைப்பாள், முழங்கால்படியிட்டுத் தமிழில்தான் ஜெபமாலை சொல்லுவாள். ஒருமுறை எதிர்வீட்டுச் சட்டைக்காரச் சீமாட்டி இவள் யார் என்று கேட்டபோது, வீட்டு ஆயா என்று சொன்னேன். பவுனம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

இத்தனையும் எதற்காக என்றால் மகளுக்காக. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோசலினுக்குப் பத்து வயது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஐரோப்பியப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அவளைப் போர்த்துக்கீசியப் பிள்ளை என்று எழுதிச் சேர்த்திருந்தேன். அங்கே படித்து வெளியே வந்தால் டெலிபோன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பெரிய கம்பெனி என்று எங்கு வேண்டுமானாலும் நுழையலாம். இல்லாவிட்டால் பதினைந்து வயதில் ஒரு மாப்பிள்ளை, அப்புறம் அடுப்பங்கரை. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். என் முன்னால் அவள் வாயில் தமிழ் வரக்கூடாது. என்னை ‘பப்பா’ என்றுதான் கூப்பிட வேண்டும். ‘அப்பா’ என்று வாய்தவறினால் அன்று மாலை விளையாட்டு கிடையாது. ஒரு வருஷத்தில் பிள்ளை பழகிக்கொண்டது. வீட்டில் ஒரு பக்கம் அம்மாவோடு தமிழ், மறுபக்கம் என்னோடு இங்கிலீஷ், வாசலில் பிள்ளைகளோடு பர்மியம் என்று கதவுக்குக் கதவு நாக்கை மாற்றிக்கொண்டது.

லாசரோவுக்கு இந்த வேஷம் தெரியும். அவனும் நல்ல மாநிறந்தான், என்னைவிட ஒரு சொட்டு வெளுப்பு, அவ்வளவே. பெயர் முழுக்க ஸ்பெயின் பெயர். அவன் ஒரு வார்த்தை சொன்னால் ஸ்பெயின்காரன் என்று யாரும் நம்பிவிடுவார்கள். அவன் சொல்லமாட்டான். பர்மியர்களைப் போல லோஞ்சி கட்டிக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்து, மீன்சாறு ஊற்றிய மொகிங்கா தின்பான். பர்மியர்கள் அவனைக் கோ லாசரோ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். என்னை அதே பர்மியர்கள், கோட்டும் தொப்பியும் போட்டிருந்தும், முதுகுக்குப் பின்னால் கலா என்றார்கள். இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும் அவர்கள் சொல்கிற சொல் அது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் அவன் தன் பெயரின் கதையைச் சொன்னான். அவன் தாத்தா காலத்தில் ஒரு கவர்னர், வரிக் கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று குடும்பப் பெயர்கள் அடங்கிய புத்தகம் ஒன்று அச்சடித்து, ஊருக்கு இத்தனை பக்கம் என்று பிரித்துக் கொடுத்தானாம். ஜனங்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு பெயர் எடுத்துக்கொண்டார்களாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு பிரேசிலைப் பற்றி ஆரம்பித்தான். அங்கே போர்த்துக்கல் ராஜாவின் மகனே நின்று, இனி இது தனி நாடு என்று சொல்லி நூறு வருஷம் ஆகிவிட்டதாம். பேச்சு இன்னும் போர்த்துக்கீசுதான், ஆனால் தெருவில் போகிறவனை நீ போர்த்துக்கீசியனா என்று கேட்டால் முறைப்பானாம். மெக்சிகோவில் மாதாவே அந்த ஊர்க்காரியின் நிறத்தில் நிற்கிறாளாம். அவர்கள் சண்டைக்குப் போனபோது அவள் படத்தைத்தான் கொடியில் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

எல்லாம் எனக்கு உறைக்க வேண்டும் என்று சொன்னதுதான். என் பெயரும் என் பாட்டன்மார் வாங்கிய பெயர்தான், அதில் எனக்கொன்றும் வெட்கமில்லை என்று எரிந்து விழுந்தேன்.

“பேரு அவங்க குடுத்ததுதான்,” என்றான். “அத வச்சு நாங்க ஒரு நாடு பண்ணினோம். நீ ஒரு கோட்டுத் தச்சுக்கிட்ட.”

மற்ற ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளாரினெட் வாசிக்கிறவன் குனிந்து சிரித்தான். எங்கள் பனிமய மாதாவின் சிலையே மனிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்று தூத்துக்குடியில் சொல்வார்கள். அதைச் சொல்லியிருந்தால் அவன் பூரித்துப்போயிருப்பான், ஒருவேளை சிநேகமாகவே ஆகியிருப்போம். அதனாலேயே சொல்லவில்லை.

1925ஆம் வருஷம் ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐரோப்பிய வம்சம் என்று எழுதிச் சேர்த்த பிள்ளைகளில் சிலரைப் பற்றிச் சந்தேகம் எழுந்திருப்பதால், தகப்பனார் தகுந்த அத்தாட்சி கொண்டுவர வேண்டும். வருகிற திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பிள்ளையின் பெயர் நீக்கப்படும். எனக்குக் கைகால் ஓடவில்லை. பவுனம்மாளிடம் சொன்னபோது அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டால் பிள்ளை படிக்காதா என்று கேட்டாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

கடவுள் அனுப்பியது போல அந்த வாரமே ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் ரங்கூனுக்கு வந்தது. சீனக் கரையில் அவர்கள் ஆளுகிற மக்காவோவுக்குப் போகிற வழியில் தண்ணீரும் கரியும் எடுக்க வந்த கடற்படைக் கப்பல். போர்த்துக்கலுக்கு ரங்கூனில் கான்சல் என்கிற பிரதிநிதியாக இருந்தவர் ஒரு அரிசிக் கம்பெனித் துரை. அவர் வேறு தேசத்துக்காரர், ஊருக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று கொடுத்த கௌரவப் பதவி அது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கப்பல் தளத்தில் தேநீர் விருந்து, வாத்தியத்துக்கு எங்கள் பேண்டு என்று ஏற்பாடு. பேண்டில் ஒரு போர்த்துக்கீசியர் இருக்கிறாராமே, அவரே நடத்தட்டும் என்று துரை சொல்லியனுப்பினார். லாசரோ ஒரு வார்த்தை மறுக்காமல் தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

நான் துரையைப் போய்ப் பார்த்து, மகள் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர். ‘கஸ்பார் மச்சாது போர்த்துக்கீசிய வம்சத்தவர்’ என்று ஒரு தாளில் எழுதிவைப்பதாகவும், கப்பல் கேப்டன் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். பிள்ளையை அழைத்துவா, கேப்டனுக்குப் பூச்செண்டு கொடுக்கட்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே ரோசலினுக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தேன்.

கப்பலில் முதலில் வாசிக்க வேண்டியது போர்த்துக்கல் தேசத்தின் கீதம். அதில் எனக்குக் கவலையே இல்லை. எங்கள் கோயிலில் என் தகப்பனார் பிடில் வாசித்தவர். கோவாவிலிருந்து வந்த சாமியார் ஒருவர் அவருக்கு அந்தக் கீதத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். திருவிழாப் பூசை முடிந்ததும் போர்த்துக்கல் ராஜாவின் நலனுக்காக வேண்டிக்கொண்டு, அதை வாசித்துவிட்டுத்தான் கொடிமரத்தடிக்குப் போவோம். தகப்பனார் கைப்பட எழுதிய சுரப் புத்தகம் என்னிடம் இருந்தது. முதல் பக்கத்தில் அவரே நீலமும் வெள்ளையுமாக ஒரு கொடி வரைந்து நடுவில் கிரீடம் போட்டிருந்தார். ரங்கூனில் நான் பத்திரமாக வைத்திருந்த ஒரே ஊர்ச்சாமான் அதுதான்.

வெள்ளிக்கிழமைக் காலை ஒத்திகையில் அதை எடுத்து வாசித்துக் காட்டினேன். லாசரோ கடைசிவரை கேட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். அதில் வேறு ஒரு பாட்டு எழுதியிருந்தது.

நான் வாசித்தது ராஜா காலத்துப் பாட்டு என்றான். போர்த்துக்கலில் புரட்சி நடந்து, ராஜா ஓடிப்போய் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது என்றான். இப்போது குடியரசு, கொடி வேறு, பாட்டு வேறு, மக்காவோவில் மூன்று வருஷம் பேண்டில் இருந்தபோது தினமும் இதைத்தான் வாசித்தோம் என்றான்.

நான் நம்பவில்லை. அங்கே ஏதோ கலவரம், யாரோ ராஜாவைக் கொன்றார்கள் என்று எப்போதோ காதில் விழுந்ததுண்டு. ராஜா செத்தால் மகன் ராஜா, அவ்வளவுதானே? இங்கிலாந்தில் விக்டோரியா ராணி போனார், எட்வர்டு வந்தார், ஜார்ஜ் வந்தார், பாட்டு அதேதான் இருந்தது. மூன்றாவது மாதத்தில் என் நாற்காலியைப் பிடுங்கியவன், எல்லோர் முன்னாலும் கோட்டுக்காரன் என்று மானத்தை வாங்கியவன், இன்று மட்டும் எனக்கு நல்லது நினைப்பானா? கப்பலில் நான் தப்பான பாட்டை வாசித்துத் தலைகுனிய வேண்டும், அதுதான் திட்டம் என்று முடிவுகட்டினேன். தாளை இரண்டாகக் கிழித்து அவன் காலடியில் போட்டேன்.

அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை நான்கு மணி. வெயில் ஆற்றில் அடித்துக் கண்ணைக் கூசவைத்தது. எதிர்க்கரை டாலாவுக்குப் போகும் சம்பான் படகுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ரோசலின் வெள்ளைக் கவுனில், தலையில் நீல ரிப்பனோடு, பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு கான்சல் துரை பக்கத்தில் நின்றாள். துரையின் கோட்டுப்பையில் அந்தத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் வந்து என் கையைக் குலுக்கிப் போர்த்துக்கீசில் என்னவோ கேட்டார். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. கீழ்த்திசையில் பல தலைமுறை இருந்துவிட்ட குடும்பம், பேச்சு மறந்துபோயிற்று என்று துரை எனக்காக இங்கிலீஷில் சொன்னார். கேப்டன் தலையசைத்து என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் எனக்கு ஓரடி உயரம் கூடிவிட்டது.

பேண்டுக்கு முன்னால் போய் நின்றேன். லாசரோ கடைசி வரிசையில் தன் ஊதுகுழல் கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை உயர்த்தப் போகும் நேரத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி, “கொடியப் பாரு” என்றான்.

பார்த்தேன். கப்பலின் பின்புறம் கொடி காற்றில் விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை, கிரீடத்தைக் காணவே காணோம். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். இறங்கிப்போய் அவனிடம், நீயே வாசி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவன் சொல்லிச் சரியாக வாசிப்பதைவிட நானாகத் தப்பாக வாசிப்பது மேல் என்று தோன்றிற்று. கையை உயர்த்தினேன்.

என் தகப்பனாரின் பாட்டு ஆரம்பித்தது. சல்யூட்டுக்குப் பாதி எழுந்த கைகள் அப்படியே நின்றன. சமையலறைக் கதவில் நின்ற ஒரு கிழவன் மட்டும் தொப்பியை எடுத்துவிட்டான். எட்டாவது வரியில் கேப்டன் கையைக் காட்டி நிறுத்தினார்.

துரை முகம் சிவக்க அவரிடம் எதையோ விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ ராஜா கட்சியா என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே எனக்கு வழி விட்டது தெரிந்தது. ராஜா கட்சிக்காரர்கள் போர்த்துக்கல்லிலேயே எத்தனையோ பேர் இருந்தார்கள். எதிரியானாலும் போர்த்துக்கீசியன் போர்த்துக்கீசியன்தான். நான் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பம் எப்போதும் ராஜாவுக்கு விசுவாசமான குடும்பம் என்றேன். கேப்டன் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் மரியாதைகூடத் தெரிந்தது. சரி, எந்த ராஜா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. அந்தக் கோவாச் சாமியார் சொல்லிக்கொடுத்தபடி, பூசை முடிந்து வருஷாவருஷம் நாங்கள் வேண்டிக்கொள்கிற பெயர். தொன் லூயிஸ் ராஜா என்றேன்.

முதலில் ஒரு இளம் ஆபீஸர் சிரித்தான். அடுத்தவன் சிரித்தான். தளம் முழுக்கச் சிரித்தது. அந்த ராஜா செத்து முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டதாம். அவருக்குப் பின்னால் வந்த மகனைச் சுட்டுக் கொன்று, பேரன் கப்பலேறி ஓடியும் ஆகிவிட்டதாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்தது சிரிப்பு மட்டுந்தான். கேப்டன்கூட மீசையைத் தடவுவது போல வாயை மறைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது ரோசலின் பூச்செண்டைக் கீழே போட்டாள். நேராக அந்த இளம் ஆபீஸர் முன்னால் போய் நின்றாள். அவன் மார்பு உயரங்கூட இல்லை.

“எங்கப்பாவப் பாத்துச் சிரிக்காதிய,” என்றாள். “எங்கப்பா நல்லா வாசிப்பாரு. சிரிக்காதியன்னு சொல்லுதேன்.”

சுத்தமான தூத்துக்குடித் தமிழ். பவுனம்மாளின் குரல் அப்படியே வந்தது. அரிசிக் கம்பெனித் துரைக்குப் பாதி நாள் தமிழ்க் கூலிகளோடுதான் வேலை. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். பிள்ளை எந்தப் பாஷையில் அழும், எந்தப் பாஷையில் சண்டை போடும் என்பது அவருக்கா தெரியாது?

நான் நாலே எட்டில் அவளிடம் போனேன். கன்னத்தில் அறைந்தேன். நீல ரிப்பன் நழுவித் தளத்தில் விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அழவில்லை. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், முதல் தடவையாகப் பார்ப்பது போல. அப்போது பின் வரிசையிலிருந்து கார்னெட் எழுந்தது. லாசரோ நின்றுகொண்டு வாசித்தான். நான் கிழித்துப் போட்ட பாட்டு. இரண்டே வரியில் மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குத் தெரியாமல் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தான். கேப்டன் விறைத்து நின்றார், எல்லாக் கைகளும் நெற்றிக்குப் போயின. நானும் நின்றேன். எனக்குத் தெரியாத ஒரு பாட்டுக்கு, என் பிள்ளையை அடித்த கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றேன்.

பாட்டு முடிந்தபோது துரை பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளை உள்ளே தள்ளிப் பொத்தானைப் போட்டுவிட்டார். குழந்தைக்கு ஒரு கேக் கொடுக்கச் சொன்னார். அவள் வாங்கவில்லை.

இறங்குதுறையில் லாசரோ எங்களுக்காகக் காத்திருந்தான். விழுந்த ரிப்பனைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். நீ நினைத்தது நடந்துவிட்டதல்லவா, திருப்திதானே என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுதத் தகாது. அவன் ரிப்பனை ரோசலினிடம் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினான். அவன் முகத்தில் வெறுப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை வெறுத்தது நான் மட்டுந்தான் என்று அப்போது புரிந்தது.

“நாங்களும் அடி வாங்கினவங்கதான்,” என்றான். “வெள்ளைக்காரன் அடிச்சான், வாங்கினோம். அவனுக்காக எம்பிள்ளைய நான் அடிச்சதில்ல.”

நான் காறித் துப்பினேன். அவன் போய்விட்டான். ரோசலின் லான்மடாவ் வரை எனக்கு ஐந்தடி பின்னாலேயே நடந்து வந்தாள். நான் நின்றால் அவளும் நின்றாள்.

வீட்டு வாசலில் பவுனம்மாள் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள். விரல் ஐந்தும் பதிந்திருந்தன. என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“என்னய ஆயான்னு சொன்னிய, பொறுத்துக்கிட்டேன். அவள என்னன்னு சொன்னிய?”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பெயரை நீக்கிவிட்டார்கள். புதன்கிழமை பவுனம்மாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அங்கே இனம் என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கொட்டகையில் நான் மறுபடி இரண்டாவது பிடில். லாசரோ என்னை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு வருஷம் அவன் முதுகைப் பார்த்தபடி வாசித்தேன். எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவன் பாட்டு வருகிற இடங்களில் மட்டும் நான் பிடில் வில்லை இழுக்காமல் சும்மா இருப்பேன். போன மாதம், பேசும் படம் வரப்போகிறது, இனி பேண்டு வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். லாசரோ மனிலாவுக்குக் கப்பலேறிவிட்டான். மற்றவர்கள் துறைமுகம் வரை போனார்கள். நான் போகவில்லை. மாதா சிலையின் கதையைக் கடைசிவரை அவனிடம் சொல்லவேயில்லை.

ரோசலினுக்கு இப்போது பதினான்கு முடிந்துவிட்டது. நன்றாகத்தான் படிக்கிறாள். பபேடானில் பாதிக் கடைக்காரர்களுக்கு அவளைத் தெரியும். சந்தில் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும், தமிழில் பேரம், பர்மியத்தில் கேலி. என்னிடம் மட்டும் அன்றையிலிருந்து இங்கிலீஷ்தான். வேண்டியதைக் கேட்டால் பதில் சொல்லுவாள், மரியாதைக்குக் குறைவில்லை. நான் போட்ட சட்டத்தை ஒருநாள்கூட மீறியதில்லை.

நேற்றுக் காலை வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்து, “டீ, பப்பா” என்றாள். எனக்கு என்னவோ தாங்கவில்லை. வருஷக்கணக்காக அவளிடம் பேசாத தமிழில், தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

“ஒரு தடவ அப்பான்னு கூப்பிடு, தாயி.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. அது கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பப்பா என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மகளும் மீன் விலையைப் பற்றித் தமிழில் பேசிச் சிரிப்பது கேட்டது. வாசிக்க இனி எங்கும் இடமில்லை என்று தெரிந்தும், நான் பிடில் வில்லை எடுத்துவைத்துக்கொண்டு, வாசிக்கப்போகிறவன் போல அதற்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.